தவக்காலத்தில் வாங்கின டியூபா

"ஈஸ்டருக்கு முதல் சொந்த டியூபாவோட வா. இல்லாட்டி வேற ஆளைப் போடுவன்," எண்டார் பாண்ட் மாஸ்டர். கொட்டாஞ்சேனையில கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் போற பாண்ட் அது. அந்த இடம் போனால் எனக்கு வேற வழியில்லை. டியூபா எண்டது மடியில வச்சு ஊதுற பெரிய பித்தளை வாத்தியம், புதுசின்ர விலை கேக்கவே பயம்.

எங்கட ஆக்கள் பழைய வாத்தியத்தைத் தவக்காலத்திலதான் விப்பினம். அந்த நாப்பது நாளும் பாண்டுக்கு வேலையில்லை, விலை இறங்கும். மட்டக்குளியில பழைய வாத்தியம் விக்கிற மரியதாஸ் அங்கிளிட்ட ரெண்டு இருந்தது. ஒண்டு நெளிஞ்சது, மற்றது பளபளப்பு. பளபளப்பின்ர மூண்டு வால்வையும் விரலால அமத்திப் பாத்தன், நல்லா எழும்பினது. ஊதிப் பாக்கட்டோ எண்டு கேட்டன்.

"தவக்காலத்தில ஊதுறதோ தம்பி? பக்கத்துவீட்டில சிலுவைப்பாதை நடக்குது," எண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. ஊதாமலே காசைக் குடுத்தன், மடையன்.

பளபளப்பைப் பெட்ஷீற்றில சுத்திக்கொண்டு பஸ் ஏறினன். சண்டைக்காலம், ஆமி செக்பொயின்டில எல்லாரையும் இறக்கினாங்கள். என்ர அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில அவ்வளவு பெரிய மூட்டை. குண்டெண்டுதான் நினைப்பாங்கள்.

"மேக்க மொகத?" இது என்ன எண்டு துவக்கோட நிண்ட ஆமிக்காரன் கேட்டான்.

"டியூபா, மஹத்தயா. பாண்டுக்கு," எண்டன், ஐயா போட்டு.

"எஹெனங் பிம்பின்ன." அப்ப ஊது எண்டான்.

பெட்ஷீற்றைக் கழட்டி வாய் வச்சன். முதல் வெறுங் காத்து, பிறகு ஒரு சத்தம். மூண்டாவது வால்வை அமத்தினன், சத்தம் அப்பிடியே நிண்டுட்டுது. அவன்ர முகம் மாறிச்சு. பக்கத்தில நிண்ட சனம் விலகிச்சு. உள்ளுக்க என்ன வச்சிருக்கிறாய் எண்டு சிங்களத்தில அதட்டினான். அந்த வால்வின்ர குழாயை இழுத்தன். மெழுகும் சீலைத்துண்டுமா ஒரு கட்டி விழுந்தது. குழாயில இருந்த ஓட்டையை மறைக்க அங்கிள் உள்ளால அடைச்சது, அதுதான் காத்தை மறிச்சிருக்கு.

அவன் குனிஞ்சு எடுத்து மூக்கில வச்சு மணந்து பாத்தான். "ஒயாவ ரவட்டலா, மல்லி," உன்னை ஏமாத்திப்போட்டாங்கள் தம்பி எண்டு சிரிச்சான். டியூபாவைத் திரும்பச் சுத்தினன்.

அடுத்த பஸ்ஸில திரும்பவும் மட்டக்குளிக்கே போனன். பளபளப்பை அங்கிளுக்கு முன்னால வச்சன். நெளிஞ்சதைத் தூக்கி, வாசல்ல நிண்டு, மூண்டு வால்வும் ஒவ்வொண்டா ஊதினன். சிலுவைப்பாதைச் சனம் எட்டிப் பாத்தது. அங்கிள் பளபளப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளுக்க போனார். ஈஸ்டருக்கு அந்த நெளிஞ்சதோடதான் பாண்டில சேந்தன்.

தம்பிமார், தங்கச்சிமார், ஊதிப் பாக்காமல் வாங்காதேங்கோ. விக்கிறவருக்கு முன்னால ஊத நான் வெக்கப்பட்டன். ஆமிக்காரன்ர துவக்குக்கு முன்னால ஊத வேண்டி வந்தது.