தம்பியின் கையைப் பார்க்காதது

பவர்போட் பந்தயம் என்றால் மரக்காணத்தில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எவ்வளவு ஸ்பீடு? ஈசிஆரில் போகிற பஸ்ஸைவிட இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் கேட்க ஒருவனுக்கும் பொறுமை கிடையாது. வளைகுடா நாட்டில் ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தவன் நான்.

அது இரண்டு ஆள் விளையாட்டு. ஒருவன் ஸ்டியரிங் பிடிப்பான். இன்னொருவன் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர் மட்டும். ஏரியில் அல்ல, திறந்த கடலில், மிதவைகளைச் சுற்றி ஓட்ட வேண்டும். அலையில் ஏறும் படகு அப்படியே பறக்கும். அப்போது இன்ஜின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் சுற்றும். அந்த நொடியில் லீவரைக் குறைக்காவிட்டால் இன்ஜின் போய்விடும். தண்ணீரில் விழுந்ததும் மறுபடி வேகம் கொடுக்க வேண்டும். பார்த்துச் செய்ய நேரம் இல்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே செய்ய வேண்டும். கவிழ்ந்தால் பெல்ட்டோடு தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவீர்கள். அதனால் ஒரு கூண்டில் உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் கவிழ்த்து, வெளியே வரப் பழக்குவார்கள். வரத் தெரியாதவன் ஓட்ட முடியாது.

நான் ஒரு பந்தயப் படகுக் கம்பெனியில் மெக்கானிக். பந்தயத்தில் ஓட்டியது வேறு ஆட்கள். சோதனை ஓட்டத்தில் மட்டும் லீவர் என் கைக்கு வரும். ஹெல்மெட்டுக்குள் ஸ்டியரிங்காரன் குரல் கேட்கும். அந்த ஊரில் தினமும் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவன்தான். அதுவும் திருப்பப் போகிறேன், பிடித்துக்கொள் என்ற அளவுக்குத்தான்.

கம்பெனியை மூடினார்கள். ஊருக்கு வந்து ஒரு பைபர் போட் வாங்கினேன். தம்பி கூட வந்தான்.

எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. உடைகிற அலையைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். போட்டின் முன்முனையில் ஒருவன் உட்கார்ந்து அலையைப் பார்ப்பான். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் நிற்க வேண்டும். முன்னால் வீசினால் முழு வேகம். பின்னால் இன்ஜினில் இருப்பவன் அலையைப் பார்க்கக் கூடாது, அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும். சின்னப் பையன்கள்கூட இதில் தப்பு செய்ய மாட்டார்கள்.

நான் செய்தேன். அன்று காலை தம்பி கையை அமுக்கிக் காட்டினான். நான் இன்ஜின் சத்தத்தில் இருந்தேன். அது சுத்தமாக இருந்தது, போ என்றது. கொடுத்துவிட்டேன். முதல் அலைக்குப் பின்னாலேயே எதிரில் இரண்டாவது அலை எழுந்து நின்றது. போட் செங்குத்தாக ஏறி விழுந்தது. தம்பி விளிம்பில் மோதி விழுந்தான். இரண்டு விலா எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். குணமாகி நடமாட ஆரம்பித்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“காலைல போலாமாடா?” என்றேன்.

“பக்கத்து போட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டேண்ணா.”

தப்பு என்னுடையதுதான், பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டேன் என்றேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“உன் கூட வர்றதுக்கு என் பொண்டாட்டிகூட ஒத்துப்பா, நான் ஒத்துக்க மாட்டேன். என் கைய நீ பாக்கவே இல்லண்ணா. நான் அங்க உக்காந்து இருக்கறதே உனுக்குத் தெரியல. உனுக்குன்னு தனியா ஒரு கடல் வாங்கிக் குடுத்தா நல்லா ஓட்டுவ.”

அவன் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யார் காசில் வாங்கிய போட் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் வீட்டுக்குள் விடுவதும் நின்றிருக்கும். எழுந்து வந்துவிட்டேன்.

இன்னும் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவனுக்கு மாமியார் வீட்டு விசேஷம், ஒருவனுக்கு முதுகு வலி. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. முன்னால் ஆள் இல்லாமல் அலையைத் தாண்ட முடியாது. போட்டை விற்றேன்.

இப்போது உப்பளத்தில் பம்ப் ஓட்டுகிறேன். உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றிவிட வேண்டும். பாத்தி நிறைந்ததும் நிறுத்த வேண்டும். இதற்கு ஒரு ஆள் போதும்.