அம்மா சுற்றி முடிக்காத மதில்

"சிரியா, ஈத் விடுமுறை, 1985" என்று அந்தப் புகைப்படத்தின் பின்புறத்தில் அப்பா எழுதியிருக்கிறார். போகும் வழியில் கடவுச்சீட்டில் குத்திய ஜோர்தான் முத்திரையோ 1986 என்கிறது. மாமா பிடிபட்டதும் அந்த வருடந்தான் என்பதால் நான் முத்திரையையே நம்புகிறேன். படத்தில் இல்லாதது வாசம். டமாஸ்கஸுக்கு வடக்கே, மலைக்கிராமம் ஒன்றின் உச்சியில் இருந்த அந்தப் பழைய ஓர்தொடொக்ஸ் கன்னியர் மடத்தின் படிகளில் ஏறும்போதே தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும் கலந்த வாசம் உடுப்பில் ஒட்டிக்கொண்டது. பைசாந்திய மன்னன் ஒருவன் கட்டுவித்தான் என்பது மரபு. நான் தேடியவரையில் ஆதாரம் பலவீனமானது.

குவைத்தின் அப்பாசியாவில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்த மலையாளி, அம்மிணி அன்ரி. அவருடைய தேவாலயத்தார் ஒழுங்குசெய்த பஸ் பயணம் அது. யாழ்ப்பாணத்துச் சைவர்களான நாங்கள் அதில் ஏறியதற்குக் காரணம் ஒன்றுதான்: அம்மாவின் தம்பியான மாமாவைச் சுற்றிவளைப்பில் இலங்கை ஆமி கொண்டுபோய் மாதங்களாகியும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. "அங்கே மாதாவிடம் கேட்டால் கிட்டும், சேச்சி" என்று அன்ரி சொன்ன அன்றே அம்மா மீனையும் இறைச்சியையும் நிறுத்திவிட்டார்.

உள்ளே எல்லோரும் மெழுகுதிரி ஏற்றினார்கள். நாங்கள் வெளியே வந்தபோது அம்மா செருப்பைக் கழற்றி வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மடத்தின் மதிலோரமாக "அடியழிக்க"த் தொடங்கியிருந்தார். ஊர்க் கோயில் வீதியில் பெண்கள் செய்யும் நேர்த்தி அது: அடிக்கு அடி முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து எழுந்து, கோயிலை ஒரு முழுச்சுற்றுச் சுற்றுவது.

"எழும்பும்! சனம் பாக்குது. இதென்ன நல்லூர் வீதியே?" என்றார் அப்பா, பல்லைக் கடித்தபடி.

"எங்க இருந்தாலும் சாமி சாமிதானே. நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

அன்ரியின் மகள் சுஜா என் வகுப்புத்தோழி. "வாட் இஸ் யுவர் மம்மி டூயிங்?" என்று அவள் கேட்டபோது, நான் தூரத்தில் நின்ற ஆடுகளைப் பார்த்தேன்.

கறுப்பு உடையில் இரண்டு கன்னியாஸ்திரிகள் ஓடிவந்தார்கள். அம்மா மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து, கைத்தாங்கலாகத் தூக்கி, "மரீதா? மரீதா?" என்று கேட்டார்கள். நோயாளியா என்பது அதன் பொருள். அப்பா ஒரு கணம் எங்கள் பஸ்ஸில் வந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "ஐவா, மரீதா," என்று தலையாட்டினார். எனக்கு நெஞ்சு லேசானது. இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்த ஆறுதல்தான். அம்மாவை உள்ளே கொண்டுபோய்ச் சீனி போட்ட தேநீர் கொடுத்தார்கள். பஸ் புறப்படும்வரை அவரை எழும்ப விடவில்லை.

அம்மா குவைத்தில் கிளினிக் ஒன்றில் துப்புரவு வேலை செய்தவர். அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

"எனக்கு வருத்தம் எண்டு சொன்னீங்கள், என்ன?" என்று பஸ்ஸில் மெல்லக் கேட்டார்.

"வேற என்னத்தைச் சொல்ல? விசர், பைத்தியம் எண்டோ?"



அடுத்த வருடம் மாமா விடுதலையானார், ஒரு காது அறவே கேட்காமல். அடித்தவர்களை எல்லோரும் சபித்தார்கள். அம்மா மட்டும் அந்தக் காதைப் பற்றி, "நான் சுற்றாமல் விட்ட பக்கம்," என்று ஒரே ஒருமுறை சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து போனார்.

1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அப்பாசியாக்காரர் திசைக்கொருவராய்ச் சிதறினோம். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அம்மிணி அன்ரி எங்கே என்று தெரியாது. அம்மாவும் மாமாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கனடாவில் அப்பா தன் கடைசி மாதங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அந்த மதிலுக்குப் பின்னால பாதை இருந்ததோ, பிள்ளை?"

கிடைத்த வரைபடங்களையும் பயணிகளின் படங்களையும் வைத்துப் பார்த்தால், மடத்தின் பின்பக்கம் செங்குத்துப் பாறையோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரிகிறது. அப்படியானால் அன்று யாரும் தடுக்காவிட்டாலும் அம்மாவால் சுற்றி முடித்திருக்க முடியாது. அங்கே போய்ப் பார்த்த எவரிடமிருந்தும் இதை நான் இன்னும் உறுதிசெய்துகொள்ளவில்லை; அப்பாவிடம் "பாதை இல்லை" என்றுதான் சொல்லியிருந்தேன்.