கிரீடம் போட்ட சவரக்கத்தி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சவரக்கத்தியால் என் தாய்மாமன் ஒரு சனிக்கிழமை திருடன் ஆனார். மறுநாள் சாயங்காலம் அதே கத்தியால் நல்லவரும் ஆனார். இரண்டாவது காரியத்தைச் செய்தது நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றுவரை கூச்சம் வந்ததில்லை.

அறுபதுகளின் கடைசி. ஓசூரை அடுத்த மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பண்ணை ஆபீசில் குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்தில் அது பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த இடம். குதிரைகள் போய் மாடுகள் வந்திருந்தன, லாயங்கள் மட்டும் அப்படியே நின்றன. மாமாவுக்கு ஊர் ராயக்கோட்டை. சுற்றுவட்டத் தோட்டங்களிலெல்லாம் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்துகொண்டிருந்த நேரம் அது. மோட்டார் மக்கர் செய்தால் அவரைத்தான் தேடுவார்கள். அதனால் மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பார். கிரீஸ் இல்லாத கையோடு அவரை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மட்டுமே பார்க்க முடியும்.

அந்தக் கத்தி அவரிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கறுப்புக் கொம்புப் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் கத்தி. கிருஷ்ணகிரி சந்தையில் பழைய இரும்பு விற்கிற ஒருவனின் ஊமை ரேடியோவைப் பேசவைத்துக் கொடுத்தாராம், அதற்கு அவன் கொடுத்ததாம். பின்கட்டு முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டி, ஒரு சொட்டு ரத்தம் வராமல் அவர் சவரம் செய்துகொள்வதை வேலிக்கு அப்பால் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

அப்படி நின்று பார்த்தவர்களில் ஒருவன் பங்களாவின் காவல்காரன். பங்களா ஐயா பெங்களூர்க்காரர், ரிட்டையரான இன்ஜினியர். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம் போட்டு, நடுவில் பங்களா கட்டிக் குடியிருந்தார். பத்து நாளைக்கு முன்பு மாமா அங்கே மோட்டார் பார்க்கப் போயிருந்தார். அதற்குப் பிறகு ஐயாவின் கத்தி ஒன்றைக் காணவில்லை. மாமாவிடம் அப்படி ஒன்று இருப்பதைக் காவல்காரன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஐயா உட்காரவில்லை.

"அது எங்க அப்பாவோட கத்தி. லண்டன்ல டாக்டருக்குப் படிச்சப்ப கடையில புதுசா வாங்கினாரு. ஐந்தாம் ஜார்ஜுக்குப் பட்டாபிஷேகம் ஆச்சில்ல, அதுக்குன்னே செஞ்ச கத்தி. அதுல கிரீடம் போட்டிருக்கும். நீங்களே பாருங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா மாமாவின் கத்தியை வாங்கி விரித்தார். அலகு பிடியோடு சேருகிற இடத்தில், துருவுக்கும் அழுக்குக்கும் நடுவே ஒரு கிரீடம் மங்கலாகத் தெரிந்தது. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"உங்க முகத்துக்காகப் பாக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். எடுத்தவனே என் கையில குடுத்துட்டு ஒத்துக்கட்டும், அதோட முடிஞ்சுது. இல்லேன்னா போலீஸ்" என்று சொல்லிவிட்டு ஐயா ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஜீப் கிளப்பிய புழுதி வாசலில் அடங்கியது. பிறகு அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு மாமாவிடம் சொன்னார்:

"எடுத்திருந்தா சொல்லிடுப்பா. அவரு கால்ல விழுந்தாவது நான் முடிச்சுடறேன்."

மாமா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நான் எடுக்கல" என்றார். பின்கட்டுக்குப் போய், முருங்கை மரத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். கத்தி அலமாரியின் மேல்தட்டில், அப்பாவின் பழைய துண்டுக்குள் சுருட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமா வரவில்லை. மத்தியானம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தபோது, நான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் துண்டை இறக்கினேன். மாமாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. ஒரு ராஜாவின் கிரீடம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதை யாருமே எனக்குக் காட்டவில்லை. என் வருத்தமெல்லாம் அதுதான்.

பின்கட்டுக்குக் கொண்டுபோய் முதலில் மண்ணெண்ணெய் விட்டேன். அப்புறம் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி தேய்த்தேன். இடது கட்டைவிரலில் ஆழமாகவே ஒரு வெட்டு விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தேய்த்தேன். கிரீடம் பளிச்சென்று வந்தது. அதோடு, நான் எதிர்பார்க்காதபடி, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எழுத்து வந்தது. இடப்பக்கம் V. வலப்பக்கம் R.

அந்த இரண்டு எழுத்தும் எனக்கு ஏற்கெனவே பழக்கமானவை. பழைய லாயத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அதன் நெற்றியில் இதே கிரீடம், இதே எழுத்துகள். பள்ளிக்கூடத்து சிஸ்டர் எங்களை அங்கே கூட்டிப்போய், V என்றால் விக்டோரியா, R என்றால் ரெஜினா, லத்தீனில் ராணி என்று அர்த்தம் என்று சொல்லியிருந்தார். எங்கள் வகுப்பில் ரெஜினா என்று ஒருத்தி இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இருந்தாலும் லாயத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடித் தொட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து இன்னும் தேய்த்தேன். கிரீடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி எழுந்து வந்தது. ஹாரோபி என்று செய்தவன் பெயர். அப்புறம் 'கட்லர் டு ஹர் மெஜஸ்டி'. கடைசியில் ஷெஃபீல்டு என்று ஊர். கட்லர் என்றால் கத்தி செய்கிறவன் என்று அப்பாவின் டிக்‌ஷனரி சொன்னது. 'ஹர்' என்பதற்கு டிக்‌ஷனரி தேவைப்படவில்லை. ஆணுக்கு ஹிஸ், பெண்ணுக்கு ஹர் என்று அந்த வருஷம்தான் நூறு முறை எழுதியிருந்தேன்.

சாயங்காலம் ஐயா மணியக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்து வீடுகளின் கதவுகளெல்லாம் திறந்துகொண்டன. மாமா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா உள்ளே போய்த் துண்டை எடுத்து உதறிப் பார்த்து வெளுத்துப்போனார். அதற்குள் நான் கத்தியோடு கூட்டத்தின் நடுவே வந்துவிட்டேன்.

"யாரு உன்னை அதைத் தொடச் சொன்னது?" என்று அப்பா கையை ஓங்கினார்.

நான் ஐயாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு கேட்டேன்:

"ஐயா, உங்க அப்பா கத்தி ராஜாவுக்காகச் செஞ்சதுதானே?"

"ஆமா."

"இதுல ராணி பேரு இருக்குதே?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. ஐயா கத்தியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"வி... ஆர்..." என்று வாய்விட்டுப் படித்தார். "இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"விக்டோரியா ரெஜினா. ஜார்ஜ் ராஜான்னா ஜி இருக்கணும் இல்லைங்களா? கீழயும் பாருங்க, ஹர்னு போட்டிருக்குது. ஆம்பளைக்கு ஹர் போட மாட்டாங்க."

மணியக்காரர் சிரித்துவிட்டார். ஐயா சிரிக்கவில்லை. கீழ் வரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறவர் போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"பட்டாபிஷேகத்துக்குப் பத்து வருஷம் முன்னாடியே அந்த ராணி போயாச்சு" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹௌது, ஆமா. இது எங்க அப்பா கத்தி இல்ல. அதைவிடப் பழசு" என்றார்.

கத்தியை மடக்கி மாமாவின் கையில் அவரே வைத்தார். "தப்பு என்னோடதுப்பா" என்றார். பெரிய மனிதர் ஒருவர் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. போகும்போது என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, டிஞ்சர் போடச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கத்தி பிறகு கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. முதலிலிருந்தே தனக்குச் சந்தேகம்தான் என்று மணியக்காரர் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று எங்கள் வீடு திருவிழா வீடாக இருந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் விக்டோரியாவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சேவலை அடித்துக் குழம்பு வைத்துக் களி கிண்டினாள். ராத்திரி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அப்பா தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

மாமா அதைத் தொடவில்லை. குனிந்தபடியே, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"அந்த எழுத்து தேஞ்சு போயிருந்தா?"

அப்பா தட்டில் களியை உருட்டிக்கொண்டே இருந்தார். அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கப்பட்டிருந்த நான் முந்திக்கொண்டேன்.

"அதுதான் தேயலையே, மாமா!"

மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ராயக்கோட்டைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வேலைக்கு வந்தால் ஓசூரிலேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டார். பண்டிகைக்கு வருவார், எனக்கு மிட்டாய் வாங்கி வருவார், அப்பாவோடும் சிரித்துப் பேசுவார். ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. ஓசூரில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாகவும் வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.