நாலாவது ஆள்

பஸ் டிரைவர் வேலை முடிந்து மாடியேறி வந்தபோது கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒப்பந்தப்படி மூன்று பேர்தான் குடியிருக்கலாம், நாலாவது ஆள் இருப்பதால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. டிரைவர், மனைவி, மகள் போக, நாலாவது ஆள் அவருடைய மாமனார். ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் இவர்களோடுதான் இருக்கிறார்.

டிரைவர் நோட்டீஸைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார்.

"பெரியவர உங்க மச்சான் வீட்டுல விட்டுடுங்களேன். நீங்க தாராளமா இருங்க," என்றார் வீட்டுக்காரர். "தண்ணி பத்தலன்னு மத்தவங்க என்னைத்தானே பிடுங்குறாங்க?"

டிரைவர் மச்சானுக்குப் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை.

"விடு, வேற வீடு பாப்போம்," என்றார் மனைவியிடம்.

சாமான்களைக் கட்டும்போது மாமனார் கேட்டார்: "ஏன் மாப்ள, திடீர்னு?"

"உங்களால மாடி ஏற முடியலயே மாமா. கீழ் வீடா ஒண்ணு கெடச்சிருக்கு."

கீழ் வீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் டிப்போவுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவரை மாமனார் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கே வந்து எதிர்கொண்டார்.

"எனக்காக உங்களுக்கு எவ்ளோ அலைச்சல் மாப்ள!"

பதில் சொல்ல வாயெடுத்த டிரைவருக்குக் கொட்டாவிதான் வந்தது.