கமலாதேவியின் நல்ல தண்ணீர்

நெடுந்தீவில் அந்தக் குறுகிய ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் குடிதண்ணீர் கமலாதேவியின் வீட்டு வளவுக் கிணற்றில்தான். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபது வருடமாக வீட்டுக்கு இரண்டு குடம் என்று அளந்துதான் அள்ள விட்டாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆடியில், காட்டுக் குதிரைகளைப் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் அந்தக் கிணற்றுக்குள் இறங்கிச் சவர்க்காரம் போட்டுக் குளித்தான். அதைப் பார்த்த கமலாதேவி கிணற்றடிக்கு ஓடி வந்தாள்.

“அவர் இதை நீச்சல் குளம் எண்டு நினைச்சிட்டார், அக்கா,” என்றான் அவனைக் கூட்டி வந்த வள்ளக்காரன் யாக்கோப்பு.

“இனி இதை ஆர் வாயில வைக்கிறது? முழுக்க இறையுங்கோ.”

“அடி தெரிய இறைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?”

“ஓம். இண்டைக்கு இறையுங்கோ.”

அயலவர்கள் பொழுதுபடும்வரை இறைத்தார்கள். வெள்ளைக்காரனும் தலையைக் குனிந்துகொண்டு வாளி பிடித்தான். அடிக்கல் தெரிந்தது.

விடியற்காலை, ஊறியிருந்த தண்ணீரைக் கமலாதேவி வாயில் வைத்தாள். கடலாய்க் கரித்தது. நம்பாமல் இன்னொரு கை அள்ளினாள். அதுவும் கரித்தது.

குடங்களோடு நின்ற பெண்கள் வெள்ளைக்காரனைத் திட்டத் தொடங்கினார்கள்.

“அவன் ஊத்தையைத்தான் விட்டவன்,” என்றாள் கமலாதேவி. “உப்பை விட்டது நான்.”