கில்லர் செல்லும் விஸ்வநத்தம் போர்மேனும்

சிக்குன்குனியா பரவிய வருடம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. நான் அப்போது ஆமத்தூர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளர். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. டாக்டரம்மாவுடன் ஜீப்பில் போய் இறங்கினேன்.

போர்மேன் தங்கமாரி இடுப்பைப் பிடித்தபடி வாத்து மாதிரி நடந்து வந்தார். அவருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது.

"டாக்டரம்மா, லோடு அப்படியே நிக்கிது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற ஊசின்னு ஒருத்தன் போடுறானாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் போட்டுருவோமா?"

"என்ன மருந்துன்னே தெரியாம குத்தாதீக அண்ணாச்சி. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ல உடம்புலயே ஆள் இருக்கு. நேச்சுரல் கில்லர் செல்னு பேரு."

கில்லர் என்றதும் தங்கமாரியின் முகம் மலர்ந்தது. "அம்புட்டுதான! அதை அவுத்து விடுங்க!"

"அது ஒவ்வொரு செல்லாத் தொட்டுப் பாக்கும். நல்ல செல் மேல ஒரு அடையாளம் இருக்கும். அது 'அடிக்காத'ன்னு தடுக்கும். வைரஸ் புகுந்த செல்லுல பல நேரம் அந்த அடையாளம் குறைஞ்சிரும், ஆபத்துக் குறியும் தெரியும். ரெண்டையும் எடை போட்டுத்தான் அடிக்கும்."

"தடுக்கிறதைக் கழட்டிருங்க. வேலை வேகமா முடியும்ல?"

"கழட்டுனா நல்ல செல்லையும் அடிக்கும். காய்ச்சல் போயும் உங்க மூட்டு வலிக்குதே, அதுல ஒரு பங்கு உடம்பு போட்ட சண்டை இன்னும் ஓயாததுதான்."

தங்கமாரி நம்பாமல் தலையை ஆட்டினார். அந்த நேரம் கேட்டில் ஒரே சத்தம். காரை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டே வந்த முதலாளியை வாட்ச்மேன் கம்பைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்.

"ஏலே, கம்பெனியே என்னுதுலே!"

"நொண்டுனா காய்ச்சல்தான், யாரா இருந்தாலும் உள்ள விடாத, ஆளைப் பாக்காதன்னு போர்மேன் காலையில உத்தரவு போட்டாக மொதலாளி!"

தங்கமாரி பதறி ஓடினார். நாலு எட்டு வைத்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது. மண்ணிலேயே உட்கார்ந்து, "விடுலே! அவுகளை விடுலே!" என்று கத்தினார். வாட்ச்மேன் கம்பை எடுக்கவில்லை. "நீங்களும் நொண்டுறீக அண்ணாச்சி. வெளிய போங்க."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரே போர்மேனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். தங்கமாரி ஆடையைத் தட்டிக்கொண்டே டாக்டரம்மாவிடம் சொன்னார்: "நம்மாளை 'அடிக்காத'ன்னு தடுக்கிறது இருக்கட்டும் தாயி. ஊசிக்காரனை வர வேண்டாம்னு சொல்லிருதேன்."

காய்ச்சல் மாத்திரையும் ஓய்வும் சொல்லிவிட்டு, கொசுப்புழு நெளிந்த டிரம்களைக் கவிழ்த்தோம். அதன் பிறகு எந்த முகாமிலும் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்' என்று நான் பொத்தாம்பொதுவாகப் பேசியதில்லை. அடிக்கத் தெரிவது பாதி பலம்தான். யாரை அடிக்கக் கூடாது என்று தெரிவது மீதி.