அந்தக் கோட்டுக்கு அடியில் கம்பி இல்லை

எங்கள் இயற்பியல் மேடத்தை மோசடிக்காரி என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான், ஆய்வுக்குழுத் தலைவரே. எழுதுவதற்கு முன் அவர் செய்த தகட்டில் ஒரு விரலைக்கூட நீங்கள் வைக்கவில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ஆய்வக உதவியாளர். படிப்பு குறைவு. மேடம் என்னைவிட இளையவர்; அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா வந்த அன்று என் எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்க டீ இருந்தது. கேமராவில் அது ஜில்லென்று தெரிந்தது.

"மேடம், கேமரா ஓட்டைங்க."

"டம்ளரைத் தொட்டுட்டு சொல்லுங்கண்ணா."

சுட்டது. பளபளப்பான பரப்பு தன் சூட்டை அகச்சிவப்பு ஒளியாக அதிகம் வெளியே விடாது, கேமரா பார்ப்பது அந்த ஒளியை மட்டும்தான் என்றார். "கேமரா நல்லாத்தான் இருக்குது, உங்க விரல்தான் போச்சுங்க" என்று சிரிப்பு வேறு.

அவர் செய்த தகடு உள்ளங்கை அகலம். அடியில் கண்ணாடி போல மின்னும் உலோகம், நடுவில் மெல்லிய படலம், மேலே இன்னொரு உலோகப் பூச்சு. இடையில் ஒளி அடைபடும். மேல்பூச்சு ஒரு பாதியில் மெலிசு, மறு பாதியில் தடிப்பு. சூடாக்கினால் தகடு முழுக்க ஒரே சூடுதான். ஆனால் அகச்சிவப்பு ஒளி இரண்டு பாதியும் சேரும் இடத்தில்தான் பீறிட்டு வரும். கேமராவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பூச்சு கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் கோடு நகருமே தவிர அழியாது. அதெப்படி என்று கேட்டேன். அவர் சொந்த ஊர் மாரண்டஹள்ளி.

"எங்க ஊர்லருந்து பெங்களூருக்கு எந்த ரோட்டுல போனாலும், எங்கியாவது ஸ்டேட் எல்லையைத் தாண்டித்தானுங்கண்ணா ஆவணும்?"

ஒரு பாதியின் குணம் மறு பாதியின் குணமாக மாற வேண்டுமென்றால் நடுவில் ஓர் இடத்தைக் கடந்தே தீர வேண்டும். ஒளி முழுசாக வெளியேறுவது அங்கேதான். எனக்கே விளங்கியது.

நீங்கள் ஆய்வுக்கு வந்த அன்று, கல்லூரி அரங்கில், மாணவர்கள் எதிரில், திரையில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கேட்டீர்கள்: "உள்ள ஹீட்டர் கம்பி வெச்சிருக்கியாம்மா?"

விரல் பட்டால் பூச்சு கெட்டுவிடும். பல மாத வேலை. மேடம் ஓரத்தைப் பிடித்துத் தகட்டை நீட்டினார். "கெட்டாப் பரவால்லைங்க சார், தொட்டுப் பாருங்க. எங்கியும் ஒரே சூடுதானுங்க."

நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். கேமரா காட்டுவதுதான் சூடு என்று நம்பிய தப்பை முதல் நாள் நானும்தான் செய்தேன். அது குற்றமில்லை. நான் கையை நீட்டினேன், அவ்வளவுதான். நீங்கள் தகட்டைச் சாட்சியம் என்று உறையில் போட்டு எடுத்துப் போனீர்கள். மேடத்துக்கு வேலை போனது.

இப்போது ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். "வுடுங்கண்ணா" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் விடுவதாக இல்லை. தகடு உங்களிடம்தான் இருக்கிறது. அதே அரங்குக்குக் கொண்டு வாருங்கள். அதே மாணவர்கள் எதிரில் பூச்சைச் சுரண்டுங்கள், தகட்டை இரண்டாக வெட்டுங்கள். கம்பியைக் காட்டுங்கள். இல்லையென்றால், இல்லை என்று அவர்களிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.